ஆறு வரவில்லை, தண்ணீர் வந்தது: நெய்யாறும் விளவங்கோடும்

குமரி மாவட்டத்துக்காரர்களிடம் இரு மாநில ஆறு எது என்று கேட்டால் யோசிக்காமல் நெய்யாறு என்பார்கள். செய்தித்தாளில் அப்படித்தான் வருகிறது, தேர்தல் மேடையிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நெய்யாறு நம் மாவட்டத்துக்குள் கால் வைப்பதே இல்லை. அகத்தியர் மலையில் தோன்றி, திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள்ளேயே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறில் அரபிக்கடலோடு சேர்ந்துவிடுகிறது. எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தது அதன் இடதுகரைக் கால்வாய். ஊர்ப் பேச்சில் நெய்யாறு சானல்.

சரி, ஆறு வராமல் கால்வாய் மட்டும் வந்தால் அதை இரு மாநில ஆறு என்று சொல்லலாமா? கூடாது என்பது கேரள அரசின் நிலைப்பாடு. சொல்லியே ஆக வேண்டும் என்பது தமிழக அரசின் நிலைப்பாடு. 2004இல் சானலில் தண்ணீர் வருவது நின்றதற்கும், 2012இல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதற்கும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். என்னைக் கேட்டால், இந்த மண்ணுக்குப் பொருந்தாத கேள்வி இது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு மலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அகத்தியர் மலையின் உயரம் 1,868 மீட்டர். நமக்குப் பொதிகை, மலையாளத்தில் அகஸ்தியகூடம். தமிழ் முனிவர் குடியிருக்கும் மலை என்ற நம்பிக்கை இரு பக்கத்திலும் உண்டு. 2016இல் யுனெஸ்கோ இந்த மலைப்பகுதியை உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்த்தது. கிழக்குச் சரிவில் இறங்கும் பொருநை, அதாவது தாமிரபரணி, நெல்லைச் சீமைக்குப் போகிறது. மேற்கே கரமனையாறும் நெய்யாறும் இறங்குகின்றன. அதே மலைத்தொடர் தெற்கே நீண்டு வரும் இடத்தில் கோதையாறும் பரளியாறும் தோன்றி, திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் கடலைத் தொடுகின்றன. அந்தக் கூட்டாற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர். நெல்லைக்காரர்கள் இதை முழு மனதோடு ஒப்புக்கொள்வதில்லை, அது தனிக்கதை.

இங்கே மழை வருடத்துக்கு இரண்டு தடவை. ஜூன் தொடங்கும்போது இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தமிழகத்தின் மற்ற மாவட்டங்கள் பொறாமைப்படும் மழைதான். ஆனால் ஆறுகள் நீளம் குறைந்தவை. மலையிலிருந்து கடலுக்கு நேர்கோட்டில் பார்த்தால் ஒரு பேருந்துப் பயண தூரம். மழை பெய்த வேகத்தில் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். அதனால் காவிரிக் கரையைப் போல ஆறு தானாகப் பரந்து மண் சேர்த்து வயல் உண்டாக்கிய நிலம் இங்கே குறைவு. ஆற்றை மறித்து, கால்வாய் வெட்டி, குன்றைச் சுற்றித் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோனால்தான் நெல்.

நாஞ்சில் நாடு பழையாற்றால் வளர்ந்தது என்று பொதுவாகச் சொல்வோம். பழையாறு சுருளோடு பக்கம் தொடங்கி மணக்குடியில் முடியும் சிறிய ஆறு. அதை மட்டும் நம்பி நாஞ்சில் நாட்டு ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள், இருந்ததில்லை. பரளியாற்றில் பொன்மனைக்கு அருகே அணை கட்டி, அந்தத் தண்ணீரைப் பழையாற்றின் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பாண்டியன் அணை, பாண்டியன் கால் என்று இன்றும் பெயர் நிற்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போக நெல் விளைந்த வயல்களில் பாதித் தண்ணீர் பக்கத்து ஆற்றுத் தண்ணீர். பரளியாறு எங்கள் ஊரில் ஓடவில்லையே என்று நாஞ்சில் நாட்டுத் தோவாளைக்காரர் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

திருவிதாங்கூர் அரசு இதைப் பெரிய அளவில் செய்தது. ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சின். அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது. பெருஞ்சாணி 1952. அதற்குப் பின் சிற்றாறு அணைகள் இரண்டு. 1966இல் கட்டி முடித்த மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்தவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே பிடிபடும். கீழே நூறு அடிக்கும் கூடுதலான ஆழத்தில் பரளியாறு ஓடுகிறது. மேலே, 28 தூண்கள் தாங்கும் காங்கிரீட் தொட்டியில், பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீர் அதைக் குறுக்கே கடந்து எதிர்க் குன்றுக்குப் போகிறது. ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு. தொட்டியை ஒட்டிய ஒடுங்கிய நடைபாதையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகள் கீழே எட்டிப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள்; பக்கத்தில் இடுப்பளவில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும் தண்ணீரைப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்த ஊரில் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதைப் பாதி மலைச்சரிவும் பாதி மண்வெட்டியும் முடிவு செய்திருக்கின்றன. நெய்யாறு அணையும் அதே வரிசையில் வந்ததுதான். அதைத் திட்டமிட்டபோது கேரளம் என்றொரு மாநிலம் கிடையாது, குமரி மாவட்டமும் கிடையாது. திருவிதாங்கூர் கொச்சி என்ற ஒரே மாநிலத்தின் அரசு, தன் நெய்யாற்றின்கரை வட்டத்துக்குள் ஓர் அணை கட்டி, வலதுகரைக் கால்வாயால் அந்த வட்டத்துக்கும், இடதுகரைக் கால்வாயால் பக்கத்திலுள்ள விளவங்கோடு வட்டத்துக்கும் தண்ணீர் கொடுக்கப் போட்ட திட்டம். விளவங்கோட்டின் பங்கு 9,200 ஏக்கர். எல்லை என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம்.

அந்தப் பேச்சு அப்போது வேறொரு பக்கத்தில் சூடாகிக்கொண்டிருந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் பெரும்பான்மையாக வாழும் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. போராட்டக்காரர்கள் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, தேவிகுளமும் பீர்மேடும் இருந்தன. மாநில மறுசீரமைப்பு ஆணையம் வட்டம் வட்டமாகப் பிரித்துப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது.

அணை அங்கே, கடைமடை இங்கே. பிரிக்கும்போது மொழியைப் பார்த்தார்கள். சானலைப் பார்த்து எல்லை போடவில்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு விஷயம். ஒரு வட்டத்தை ஏதாவது ஒரு பக்கம்தானே வைக்க முடியும். அணை 1950களின் கடைசியில் பயன்பாட்டுக்கு வந்தது. பிரிவினைக்கு முன் யோசித்த படியே இடதுகரைக் கால்வாய் எல்லை கடந்து வந்து விளவங்கோட்டின் மேற்கு ஓர வயல்களுக்குப் பாய்ந்தது. 2004 வரை பாய்ந்தது.

இத்தனை வருடம் தண்ணீர் எந்த உரிமையில் வந்தது என்ற இடத்தில்தான் சிக்கல். முல்லைப் பெரியாற்றுக்கு 1886இல் எழுதிய 999 ஆண்டுக் குத்தகை இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாற்றுக்கு 1970இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. நன்றோ தீதோ, சண்டை போடுவதற்கு ஒரு தாள் உண்டு. நெய்யாற்றுக்கு இரு மாநிலமும் கையெழுத்திட்ட அப்படி ஒரு தாள் இல்லை. தன் நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் அரசு தன்னோடு தானே ஒப்பந்தம் போடாது. மாநிலம் பிரிந்த பிறகும் பழக்கத்தின் பேரில் மடை திறந்தது, பழக்கத்தின் பேரில் தண்ணீர் வந்தது.

மாநிலத்துக்கு வெளியே தண்ணீர் போக வேண்டுமென்றால் முறையான ஒப்பந்தம் வேண்டும் என்ற விதியோடு கேரளம் 2003இல் ஒரு பாசனச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு விளவங்கோட்டுக்கான தண்ணீர் நின்றது. நெய்யாறு முழுக்கத் தன் எல்லைக்குள் ஓடும் ஆறு, அதை மாநிலங்களுக்கு இடையிலான நதி என்று உரிமை கொண்டாட முடியாது, வேண்டுமென்றால் ஒப்பந்தம் போட்டு உரிய பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது கேரளத்தின் வாதம். திட்டமே இரு பகுதிக்கும் சேர்த்துப் போட்டது, மாநிலம் பிரிந்ததால் அந்த உரிமை அழியாது என்பது தமிழகத்தின் வாதம். 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டத்திலேயே பிரிவினைக்கு முந்தைய பாசனத் திட்டங்களின் ஏற்பாடுகள் தொடர வேண்டும் என்று ஒரு பிரிவு இருப்பது தமிழகத்துக்குப் பலம். கடிதங்கள் போயின, பேச்சுவார்த்தைகள் நடந்தன, 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

கேரளத்தின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். திருவனந்தபுரம் நகரமும் அதன் புறநகர்களும் ஊதிப்போய்விட்டன, அவர்களுக்கும் குடிநீர்க் கவலை உண்டு. ஆனால் ஆறு எங்கே ஓடுகிறது என்பதை வைத்து உரிமையைத் தீர்மானிப்பதென்றால், பரளியாற்றுத் தண்ணீரில் தோவாளைக்கு உரிமை இல்லை, பெரியாற்றுத் தண்ணீரில் தேனிக்கு உரிமை இல்லை. தென்கோடியில் அந்த அளவுகோலை வைத்தால் நிற்கும் வயல் மிகக் குறைவு.

இரு கரைக்கும் உள்ள உறவு தண்ணீரோடு முடிவதில்லை. புரட்டாசியில் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் அதைக் கண்ணால் பார்க்கலாம். உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கும் மன்னரின் உடைவாளை இரு மாநில அதிகாரிகளும் அமைச்சர்களும் முன்னால் நிற்க எடுத்துக் கொடுக்கிறார்கள். தேவாரக்கெட்டு சரஸ்வதி யானை மேல், வேளிமலை குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை பல்லக்கில் என்று மூன்று தெய்வங்களும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து அங்கே மாறியபோது கூடவே போன விழா. சரஸ்வதி கம்பர் கும்பிட்ட சிலை என்பது பரம்பரை நம்பிக்கை.

வழியெங்கும் வீட்டு வாசல்களில் விளக்கேற்றி, வாழையிலையில் பூவும் பழமும் வைத்துக் காத்திருப்பார்கள். தட்டுப்பூஜை வாங்குவதற்காக யானை நின்று நின்று போகும், பின்னால் பேருந்துகளும் நின்று நின்று போகும். முதல் இரவு குழித்துறையில், தாமிரபரணிக் கரை. மறுநாள் களியக்காவிளையில் தமிழகக் காவலர்கள் ஒப்படைக்க, கேரளக் காவலர்கள் அணிவகுத்து வரவேற்கிறார்கள். இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலில், நெய்யாற்றின் பக்கம். தண்ணீருக்கு இல்லாத ஒப்படைப்பு நெறிமுறை சாமிக்கு இருக்கிறது என்று ஊரில் கிண்டலாகச் சொல்வதுண்டு. அந்தக் கிருஷ்ணன் கோவில் வளாகத்தில் உள்ள பழைய பலாமரத்தின் பொந்தில்தான் திருவிதாங்கூரின் மார்த்தாண்டவர்மா எதிரிகளிடமிருந்து ஒளிந்து தப்பினார் என்பார்கள். இந்தப் பக்கத்துத் தக்கலைக்காரருக்கும் அது சொந்தக் கதைதான்.

ஆடி அமாவாசையன்று குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதிகாலையில் ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்து, எள்ளும் தர்ப்பையும் வைத்து, பிண்டத்தை ஆற்றில் விட்டு முங்கி எழுவார்கள். அதையொட்டி நகராட்சி பொருட்காட்சி நடக்கும்; வாழைக்கன்றும் அரிவாளும் பஞ்சுமிட்டாயும் ஒரே வரிசையில் கிடைக்கும். கேரளத்தில் அதே நாள் கர்க்கடக வாவு. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் அதே எள், அதே தர்ப்பை.

அருவிப்புறத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1888 சிவராத்திரி இரவில் நாராயண குரு நெய்யாற்றுக்குள் இறங்கி, ஆழத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து சிவலிங்கமாகக் கரையில் நிறுவினார். பிரதிஷ்டை செய்ய உரிமை மறுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் செய்த பிரதிஷ்டை. சாதி வேறுபாடும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தாராக வாழும் முன்மாதிரி இடம் இது என்று அங்கே எழுதி வைத்தார். கேரளத்தின் சமூக வரலாறு அந்தக் கல்லிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது என்றால் மிகையில்லை.

அவர் அதற்கு முன் தவமிருந்த இடங்களில் ஒன்று நம் மருந்துவாழ்மலை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் இடப்பக்கம் தெரியும் அதே மலைதான், அங்கே பிள்ளைத்தடம் குகையை இன்றும் காட்டுகிறார்கள். தமிழில் பதிகங்கள் பாடியவர், குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். அந்த மலையடிவாரத்துக்குக் கொஞ்ச தூரத்தில், சாமித்தோப்பில், அவர் பிறப்பதற்கு முன்பே அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குளிக்க வைத்திருந்தார். ஒருவர் கிணற்றைத் திறந்தார், இன்னொருவர் ஆற்றுக்குள் இறங்கிக் கல்லெடுத்தார். இந்தப் பக்கத்துச் சீர்திருத்தம் தண்ணீரைத் தொடாமல் நடந்ததில்லை, காரணம் தீண்டாமையின் முதல் காவல் எப்போதும் தண்ணீர்த்துறையில்தான் நின்றது.

கடற்கரைப் பக்கம் இன்னொரு இணைப்பு இருக்கிறது. பூவாறில் நெய்யாறு கடலில் சேரும் பொழியிலிருந்து நம் எல்லைக் கிராமமான நீரோடி அதிக தூரமில்லை. 1860இல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகுவழியால் இணைக்கத் தொடங்கிய கால்வாய் பூவாறு வழியாகத்தான் இந்தப் பக்கம் வருகிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று முழுப்பெயர். பத்மநாபசாமி, இங்கிலாந்து ராணி, திருவிதாங்கூர் ராஜா மூவருக்கும் பங்கு. ஊரில் ஏவிஎம் கால்வாய். சினிமாக் கம்பெனி வெட்டியது என்று நம்பும் சின்னப் பிள்ளைகள் இன்றும் உண்டு. மண்டைக்காடு வரையில் வந்து வேலை நின்றது. இன்று பல இடங்களில் தூர்ந்து, சில இடங்களில் வீட்டுக் கொல்லையாகவே மாறிவிட்டது. ஆனாலும் 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டத்தில் பூவாறிலிருந்து தேங்காய்ப்பட்டினத்தை அடுத்த இரயுமன்துறை வரையுள்ள 11 கிலோமீட்டர் 13ஆம் எண் தேசிய நீர்வழி என்று இடம்பெற்றிருக்கிறது. அதாவது நெய்யாற்றின் வாயும் நம் தாமிரபரணியின் வாயும் காகிதத்தில் சேர்ந்தாகிவிட்டது. அதில் படகு விட வேண்டியதுதான் பாக்கி.

இனி சானலுக்கு வருவோம். வழக்கில் தமிழகம் வென்று நாளைக்கே அங்கே ஷட்டர் திறந்தால் என்ன நடக்கும்? முதல் சில மாதங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. இருபது வருடத்துக்கு மேல் தண்ணீர் காணாத கால்வாயில் காட்டுச்சேம்பும் புதரும் மண்டியிருக்கிறது. கரைகள் பல இடத்தில் இடிந்திருக்கின்றன, கிளைக்கால்கள் சில சாலையாகியிருக்கின்றன. தூர்வாரி, மடை சரிசெய்து, பிறகுதான் தண்ணீர் விட முடியும். 9,200 ஏக்கர் என்ற கணக்கும் திட்டம் போட்ட நாளின் கணக்கு. அந்த ஏலாக்களில் பாதியில் இன்று வாழை நிற்கிறது, மேட்டில் ரப்பர், மரச்சீனி என்கிற மரவள்ளி, மீதியில் வீடு. நெல்லுக்கு மட்டும் தண்ணீர் கேட்கிறோம் என்று சொன்னால் அந்தப் பக்கத்துக்காரர் சிரிப்பார், நியாயம்தான்.

ஆனால் வாழைக்கும் தண்ணீர் வேண்டும். ரப்பரும் வாழையும் வந்ததற்கு ஒரு காரணமே சானல் வறண்டதுதான் என்று விவசாயிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், வழக்கின் வாதங்களில் அதிகம் அடிபடாத விஷயம், கிணறு. சானலில் தண்ணீர் ஓடிய காலத்தில் அதன் இருகரையிலும் உள்ள கிணறுகளில் மாசி பங்குனியிலும் நீர் நின்றது. மண்கால்வாய் கசியும், அந்தக் கசிவுதான் ஊர்க் கிணறுகளின் ஊற்று. ஏக்கர் கணக்கில் அது வராது. கொல்லங்கோடு, ஏழுதேசம் போன்ற கடற்கரை ஓரத்து ஊர்களில் நிலத்தடி நீர் இறங்கினால் அடுத்து ஏறுவது உப்பு. பேச்சுவார்த்தை மேசையில் இனி எப்போதாவது இரு மாநிலமும் உட்கார்ந்தால், பாசனப் பரப்பைத் திரும்ப அளக்கும்போது கிணறுகளையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். சானல் கடந்து வரும் வழியெல்லாம் கேரளக் கிராமங்கள்தான், அவர்களுடைய கிணறுகளும் அதே கசிவில் நிறைந்தவைதான்.